பின் டயரை மாற்றும்போது அளவு சொல்லும் கணக்கு

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்ற, 200 கிலோவைத் தாண்டிய வண்டியின் பின் டயரில் காணப்படும் 130/70-18 என்னும் குறியீட்டில், 130 டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், 70 அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பதையும், 18 ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிக்கின்றன.

தோற்றத்தின் பொருட்டுப் பலரும் விரும்பும் 140/70-18 டயரைப் பொருத்தினால், பக்கச்சுவர் 91 மி.மீ.யிலிருந்து 98 மி.மீ.யாக உயர்வதால், சக்கரத்தின் விட்டம் 14 மி.மீ. கூடி, வண்டியின் பின்புறம் ஏறக்குறைய 7 மி.மீ. உயர்கிறது. ரிம்மின் அகலம் மாறாமல் டயர் மட்டும் அகன்றால், அதன் விளிம்புகள் உள்ளிழுக்கப்பட்டு மேற்பரப்பு கூடுதலாக வளைவதால், சாலையைத் தொடும் பரப்பு எதிர்பார்த்த அளவுக்குப் பெருகுவதில்லை. வளைவுகளில் வண்டியைச் சாய்ப்பதற்கும் கூடுதல் விசை தேவைப்படுகிறது. செயினுக்கும் டயருக்கும் இடையிலான இடைவெளியும் குறைகிறது.

அளவைப் போலவே முக்கியமானது, அதையடுத்து வரும் 63H போன்ற குறியீடு. இதில் 63 என்னும் சுமைக் குறியீட்டெண் அந்த டயர் 272 கிலோ வரை தாங்கும் என்பதையும், H என்னும் வேகக் குறியீடு மணிக்கு 210 கி.மீ. என்னும் உச்ச வரம்பையும் உணர்த்துகின்றன. பின் இருக்கையில் ஒருவரையும் பயணச் சுமையையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, தயாரிப்பாளர் குறித்த எண்ணைவிடக் குறைந்த டயரை, விலை மலிவு என்பதற்காக, ஒருபோதும் தேர்ந்தெடுக்கலாகாது. இரண்டு உயிர்களைத் தாங்குவது அந்த ரப்பர் வளையமே.