வெள்ளைக்குப் பொருள் சொன்னவன்

ஓர் ஓவியத்தைப் பார்த்து ‘எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. பக்கத்தில் நிற்பவர் ‘இது என்ன சார்?’ என்று கேட்டால் போதும். கறுப்பு மரணம், சிவப்பு தியாகம், நிற்கும் கோடு மனிதன் என்று அடுக்கிவிடுவேன். அப்படி அடுக்கியதில் நான் அதிகம் வெட்கப்படுவது பார்னெட் நியூமன் விஷயத்தில்தான்.

நியூயார்க்கின் யூத ஓவியர் அவர். 1957-இல் மாரடைப்பு வந்து பிழைத்தார். அடுத்த ஆண்டு தொடங்கிய வரிசையை 1966-இல் முடித்து, கூகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ‘சிலுவைப்பாதை’ என்ற தலைப்பில் வைத்தார். 14 ஓவியங்கள், ஒவ்வொன்றும் ஆறரை அடி உயரம். வெறும் கான்வாஸ் துணி, அதன்மேல் கறுப்போ வெள்ளையோ. உருவம் என்று எதுவும் கிடையாது.

14 ஓவியம்; இயேசுவின் சிலுவைப்பாதைக்கும் 14 நிலை. எனக்கு அது போதுமாக இருந்தது. கூட்டங்களில் படங்களைத் திரையில் ஓட்டி ஒவ்வொன்றாகப் பொருத்திக் காட்டினேன். முதல் ஓவியத்தின் இடப்பக்கக் கறுப்புப் பட்டை, பிலாத்துவின் தீர்ப்பு. பத்தாவதன் வெள்ளை, ஆடை களைந்த உடல். அந்த இடத்தில் கைதட்டல் விழும். ஒன்பதாவதும் வெள்ளைதான். அங்கே இயேசு மூன்றாம் முறை விழுகிறார். வெள்ளைக்கு வேலை இல்லை. அந்தப் படத்தைச் சட்டென்று தள்ளிவிடுவேன்.

அறியாமல் செய்ததல்ல இது. முதல் ஓவியங்களைத் தீட்டும்போது நியூமனுக்கே இந்தத் தலைப்பு தெரியாது, நான்காவதில்தான் அவருக்கு உறைத்தது என்பதை நான் படித்திருந்தேன். நிலைக்கு ஒரு காட்சி என்று அவர் தீட்டவில்லை. சிலுவையில் இயேசுவிடமிருந்து எழுந்த ‘லெமா சபக்தானி’ (ஏன் என்னைக் கைவிட்டீர்) என்ற ஒரே கதறலைத்தான் தொடர் முழுவதற்கும் துணைத்தலைப்பாக வைத்தார். அதையும் படித்திருந்தேன். பேச்சு கெட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

யாராவது மடக்கினால் சொல்ல ஒரு சாக்கும் இருந்தது. 1943-இல் ஓவியர்கள் ராத்கோவும் காட்லீபும் நியூயார்க் டைம்ஸுக்கு எழுதிய கடிதம். அதை எழுத நியூமனும் உதவினார். ஓவியத்துக்குப் பொருள் முக்கியம் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நிறத்துக்கு நிறம் பொழிப்புரை போடு என்று அவர்கள் சொல்லவில்லையே.

அந்த முதல் ஓவியத்தின் வலப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று உண்டு. அது வரைந்த கோடல்ல. இருபுறமும் கறுப்பை இழுத்துப் பூசி, நடுவில் துணியை அப்படியே விட்டிருக்கிறார். தூரிகை தடுமாறிய தடங்கள் அதன் ஓரங்களில் சிதறிக் கிடக்கின்றன. நான் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான். காட்டியிருந்தால் எல்லாரும் அதைப் பார்த்திருப்பார்கள்; என்னைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தக் கூட்டங்களுக்கு வந்த சிலர் இன்றும் பத்தாவது ஓவியத்துக்கு என் விளக்கத்தைத்தான் சொல்லி வருகிறார்கள். ஒருவர் என் முன்னாலேயே சொன்னார். அப்போதும் நான் திருத்தவில்லை.