ரசீது

காஸ்பிர் வண்டியின் சக்கரம் என் இடுப்பைத் தாண்டி உயர்ந்து நின்றது. 2021 ஜூலை 15, வியாழக்கிழமை காலை. நாலு ராத்திரி தூங்காத கண்ணோடு தெருமுனையில், அடுக்கி வைத்த டயர்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கையில் கரும்பு வெட்டும் கத்தி. அது என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கும் முதலில் அதைத்தான் சொன்னேன்.

டிவியில் பார்க்கும்போது அந்த வண்டி ஏதோ பெரிய லாரி மாதிரி இருக்கும். கிட்டத்தில் நின்றால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அதன் அடிவயிறு படகின் அடிப்பாகம் போல இரண்டு பக்கமும் சரிந்து நடுவில் கூராக இறங்கும். கீழே கண்ணிவெடி வெடித்தால் அதன் வேகம் பக்கவாட்டில் சிதறிப்போகத்தான் அந்த அமைப்பு. நமீபியா எல்லையில் நடந்த போருக்காக நாற்பது வருஷத்துக்கு முன் செய்தார்கள். அன்றைய தென்னாப்பிரிக்க போலீஸின் எஸ்.ஏ.பி என்ற எழுத்துகளையும், வடிவமைத்த ஆராய்ச்சிக் கழகத்தின் சி.எஸ்.ஐ.ஆர் என்ற எழுத்துகளையும் கலைத்துப்போட்டுச் சேர்த்த பெயர் காஸ்பிர். எங்கள் தெருவில் கண்ணிவெடி ஏது? ஏழெட்டு டயர், ஒரு கிழிந்த சோபா, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒன்று, குப்பைத் தொட்டிகள். இவ்வளவுதான் அதன் எதிரே இருந்த படை.

டர்பனுக்கு வடமேற்கே இருக்கிறது பீனிக்ஸ். நிறவெறி ஆட்சி 1976ல் இந்தியர்களுக்கென்று பிரித்துக் கொடுத்த ஊர். 2008ல் தூத்துக்குடியிலிருந்து வந்தேன். அங்கே பார்த்த கிளியரிங் ஏஜென்ட் வேலைதான் இங்கேயும்: கன்டெய்னர், கஸ்டம்ஸ், லாரிக்காரர்களோடு போனில் மல்லுக்கட்டு. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐந்தாறு தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வாரிசுகள். சாமி, சோறு, தண்ணி, தாத்தா என்று சில சொற்கள்தான் அவர்களிடம் மிஞ்சியிருந்தன. ஆனால் ஆடியில் கூழ் ஊற்றுவதையும் தைப்பூசக் காவடியையும் விடவில்லை. எனக்கு அங்கே ‘இந்தியாத் தம்பி’ என்று பேர். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அமாவோட்டி. அது ஜூலு மக்கள் ஊர்.

முன்னாள் அதிபர் ஜேக்கப் ஜூமா நீதிமன்ற அவமதிப்புக்காகப் பதினைந்து மாதத் தண்டனை பெற்று 7ஆம் தேதி ராத்திரி சிறைக்குப் போனார். அதை எதிர்த்துக் கிளம்பிய கலவரத்தின் சேதி எனக்கு வந்தது லாரி டிரைவர் ஒருவர் அனுப்பிய வீடியோவில்தான். 9ஆம் தேதி ராத்திரி, ஜோகன்னஸ்பர்க் போகிற என்-3 நெடுஞ்சாலையில், மூயி ரிவர் பக்கம் வரிசையாக லாரிகள் எரிந்துகொண்டிருந்தன. எந்த லாரியில் யார் சரக்கு என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லாமல் போனது. கடைகள், மால்கள், கிடங்குகள் எல்லாம் திறந்து கிடந்தன. திங்கட்கிழமை கார்னூபியாவில் ரசாயனக் கிடங்கு ஒன்று தீப்பிடித்தது. பூச்சி மருந்து வாடை ஜன்னலை மூடினாலும் உள்ளே வந்தது. மனைவி ஈரத்துண்டை மகளின் மூக்கில் கட்டினாள். அதற்கு மேலே கொரோனா மாஸ்க்.

அவசர எண்ணுக்குப் போன் போட்டோம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலமே தெருமுனையில் டயர் வந்திருந்தது. யார் சொல்லி வந்தது என்று இன்றுவரை தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் கராஜிலிருந்து அந்தக் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய தாத்தா மவுண்ட் எட்ஜ்கம்ப் தோட்டத்தில் கரும்பு வெட்டிய கத்தி. அகலமான அலகு, நுனியில் கொக்கி. கைப்பிடி மரம் ஒரு மனுஷனின் விரல்களுக்கு ஏற்றபடி தேய்ந்திருந்தது. என் விரல்கள் அதில் சரியாக உட்காரவில்லை. சிலரிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. சிலரிடம் இருந்ததற்கு லைசென்ஸ் இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

பயம் உண்மை. அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எட்டு கிலோமீட்டர் தூரத்துப் புகையை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த நாலு ராத்திரியில் எங்கள் முனைக்குக் கொள்ளையடிக்க ஒருத்தர்கூட வரவில்லை. வந்ததெல்லாம் வாட்ஸ்அப் குரல்தான். “இருநூறு பேர் கிளம்பிட்டாங்க, ரெடியா இருங்க.” அதையே வேறு வேறு தெருப்பேர் சொல்லி வேறு வேறு ஆள் அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டைப் பார்த்து நின்றோம். நாய் குரைத்தால் பத்துப் பேர் எழுந்து நின்றோம்.

வந்தவர்கள் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் அவர் வந்தார். எங்கள் தெருவில் மூன்று வீட்டில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் ஆறு வருஷம். என் மகளை முதுகில் கட்டித் தூங்கவைத்தவர். தலையில் பத்து கிலோ மக்காச்சோள மாவு மூட்டை. பஸ் ஓடவில்லை, எங்கள் தெரு வழியாகத்தான் அமாவோட்டிக்குக் குறுக்குவழி. முன்னால் நின்ற பையன், இருபது வயசு இருக்கும், கையை நீட்டி மறித்தான்.

“ரசீது?”

அவர் மூட்டையை இறக்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நாலடி தூரம். “இவங்களை எனக்குத் தெரியும்” என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. ஏன் என்று பலமுறை யோசித்தாயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்றிருந்தது. வந்தேறி நான், அவர்கள் தயவில் நிற்கிறவன். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு நொடி, எனக்குமே அந்த மூட்டை எங்கிருந்து வந்திருக்கும் என்ற சந்தேகம் வந்தது.

அவர் வந்த வழியே திரும்பி, மேட்டைச் சுற்றிப் போனார். ஒரு மணி நேர நடை கூடுதல். மூட்டை தலையில்தான் இருந்தது.

ராணுவம் வருகிறது, வருகிறது என்று திங்கட்கிழமையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதிபர் ராமபோசா அன்று அறிவித்தது 2,500 பேர். புதன்கிழமை அது 25,000 ஆனது. 1994க்குப் பிறகு நாட்டுக்குள் நடந்த மிகப் பெரிய படையிறக்கங்களில் ஒன்று. பேர் ‘ஆபரேஷன் பிராஸ்பர்’, அதாவது செழிப்பு! ரொட்டிக்கு ஐந்து மணி நேரம் வரிசையில் நின்ற வாரத்தில் அந்தப் பேரைக் கேட்டு எங்கள் தெருவே சிரித்தது. அதே ஜூலை 15 முதல், இதே ராணுவத்தின் 1,495 பேர் மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் கிளர்ச்சிக்காரர்களோடு சண்டைக்குப் போக அனுமதியும் கொடுக்கப்பட்டது. ஆள், வண்டி, பெட்ரோல் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து ஓட்டிக்கொண்டிருந்த ராணுவம் அது. காஸ்பிருக்குப் பின்னால் வந்த சாமில் லாரி 1980களின் மாடல். மேடேறும்போது அது விட்ட கறுப்புப் புகையைப் பார்த்தாலே தெரிந்தது.

பின்கதவு திறந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். எல்லாருக்கும் மாஸ்க், தோளில் ஆர்-4 துப்பாக்கி. இறங்கியதும் ஒருவன் செய்த முதல் காரியம் முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. கூட ஒரு போலீஸ்காரர். அவர் இல்லாமல் சிப்பாய்களால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. அரசியல் சட்டத்தின் 201ஆவது பிரிவுப்படி, போலீஸுக்குத் துணையாக ராணுவத்தை இறக்க அதிபர் ஒருவர்தான் உத்தரவிட முடியும். சிப்பாய் உங்களை நிறுத்தலாம், சோதிக்கலாம், பிடிக்கலாம். குற்றத்தை விசாரிக்கிற அதிகாரம் கிடையாது. நிறுத்துவது, சோதிப்பது, விசாரணை இல்லாமல் விடுவது. நாங்கள் நாலு நாளாகச் செய்துகொண்டிருந்ததும் அதுதான், எந்தப் பிரிவும் இல்லாமல்.

நாங்கள் கைதட்டினோம். வீடுகளிலிருந்து டீயும் சமூசாவும் தட்டில் சோஜியும் வந்தன. எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. சிப்பாய்கள் டீயை வாங்கிக் குடித்தார்கள். குடித்துவிட்டு, டயர்களை அகற்றச் சொன்னார்கள்.

எங்களுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. எங்களைக் காப்பாற்ற வந்தவர்கள் முதலில் எங்கள் தடுப்பைத்தான் பிரிக்கச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் வாதாடிப் பார்த்தார். கார்ப்பரல் ஒரு பெண், இருபத்தைந்து வயசுக்கு மேலிருக்காது. பதில் பேசாமல் என் கையைப் பார்த்தாள். “இது என்னுடையது இல்லை” என்றேன் ஆங்கிலத்தில். அவள் ஜூலுவில் கேட்டாள்: “கரும்பு எங்கே, பாபா?”

பாபா என்றால் அப்பா. வயசில் பெரிய ஆளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சுற்றி நின்ற சிப்பாய்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தியைக் காலோடு ஒட்டிப் பிடித்தபடி டயர்களை உருட்டினேன்.

அண்ணனின் அப்பா மட்டும் கேட்டுக்கு வெளியே வரவில்லை. எண்பது வயசு. நான் அவரைத் தாத்தா என்பேன். டீத்தட்டோடு மருமகள் போனபோதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “எண்பத்தஞ்சுல இனாண்டாவுல இதே வண்டிதான், தம்பி. அப்ப மஞ்சக் கலர்” என்றார். பக்கத்து ஊரான இனாண்டாவில் 1985ல் நடந்த கலவரத்தைச் சொன்னார். அதற்கு வெகு முன்பே இன்னொன்றைப் பார்த்தவர் அவர். 1949 ஜனவரியில் டர்பனில் ஜூலுக்களுக்கும் இந்தியர்களுக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். அப்போது அவருக்கு எட்டு வயசு. குடியிருந்தது கேட்டோ மேனரில். அந்தக் கதையைத் தெருவே அவரிடம் கேட்டு வளர்ந்தது. டயர் அடுக்கியவர்களும் அதைச் சொல்லித்தான் அடுக்கினார்கள். அதில் அவர்கள் விட்டுவிட்ட துண்டை அன்றைக்குச் சொன்னார். இரண்டு ராத்திரி தன்னையும் தங்கையையும் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்தது பக்கத்துக் குடிசை ஜூலு ஆயா. “அதை ஏன் தாத்தா இவங்ககிட்ட சொல்லலை?” என்றேன். “எல்லா வருஷமும் சொன்னேன்” என்றார்.

பீனிக்ஸில் அந்த வாரம் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் துப்பாக்கியால். கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பின மக்கள். கடை உடைக்க வந்தவர்கள் மட்டுமல்ல. வழியே போனவர்களும் உண்டு. நாடு முழுக்க 350 பேருக்கு மேல். மறு வருஷம் பிப்ரவரியில் வந்த நிபுணர் குழு அறிக்கை போலீஸும் உளவுத்துறையும் கோட்டை விட்டதை விவரமாகச் சொன்னது. எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

மூட்டை சுமந்து வந்த அவர் அதன் பிறகு எங்கள் வீட்டு வேலைக்கு வரவில்லை. போனை எடுக்கவில்லை. கொல்லைக் கதவுக்குப் பின்னால் அவருடைய ஏப்ரன் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, ஆடிக்கூழ். கொரோனாவால் கோயிலில் கூட்டம் இல்லை, வீட்டிலேயே ஊற்றினோம். வருஷா வருஷம் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவில் அவருக்குக் கூழ் எடுத்துவைப்பது மனைவியின் பழக்கம். அன்றைக்கும் கை தானாக எடுத்துவைத்துவிட்டது. நிரம்பிய டப்பா மேடையில் இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் கார்ச்சாவியை எடுத்தேன்.

பள்ளத்துப் பாலத்தில் சிப்பாய்கள் நிறுத்தினார்கள். டிக்கியைத் திறக்கச் சொன்னான் ஒருவன். அப்புறம் டப்பாவை. மூடியைக் கழற்றினேன். குனிந்து மோந்தான். புளித்த வாடை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அமாஹேவு!” என்றான். அவர்கள் வீட்டிலும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் குடிப்பார்கள். யார் செய்தது என்று கேட்டான். என் மனைவி என்றேன். நம்பாதவன் மாதிரிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

ஆறு வருஷத்தில் அவர் வீட்டுக்கு நான் போனதே இல்லை. கேட்டுக் கேட்டுத்தான் கண்டுபிடித்தேன். பச்சைக் கதவு, தகரக் கூரை, முன்னால் கம்பிக் கேட். பதினாறு வயசுப் பெண் வந்தாள். அந்தக் கண்களை வைத்து மகள் என்று தெரிந்தது. கேட்டைத் திறக்கவில்லை. நான் டப்பாவை மேலே தூக்கிப் பிடித்தேன், எக்கி வாங்கிக்கொண்டாள்.

“அம்மா வேலைக்குப் போயிருக்காங்க” என்றாள்.

எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை. ஏப்ரனைக் காரிலேயே வைத்துவிட்டேன் என்று ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தபோது பச்சைக் கதவு சாத்தியிருந்தது.