குளிர்காலமும் எட்டுக்கால் குஞ்சுகளும்

பிரான்சில் இருக்கும் என் பேரன் வளர்ப்பது நாயுமல்ல, பூனையுமல்ல. மூன்று டரான்டுலா சிலந்திக் குஞ்சுகள். மெக்சிகோவின் சிவப்பு முழங்கால் இனம். அங்கே 'மிகால்' என்கிறார்கள். புதுச்சேரிப் பள்ளியில் படித்த அந்தச் சொல் எனக்கு உதவியது எழுபது வயதுக்குப் பிறகுதான்.

டிசம்பரில் நான் போனபோது வீட்டுக்குள் 19 டிகிரி. அரசு சொல்லும் அளவும் அதுதான், மகளின் எரிவாயுக் கட்டணம் தாங்கும் அளவும் அதுதான். "பாவம், ஒரு விளக்காவது வைடா" என்றாள் மகள்.

"வேணாம்மா. இந்தக் குளிர்ல சாகாது. கொஞ்சமா சாப்பிடும், மெதுவா வளரும். காய்ஞ்சு போனாத்தான் சாகும்."

குஞ்சின் உடம்பிலுள்ள ஈரம் சீக்கிரம் வற்றிவிடுமாம். விளக்குச் சூடு டப்பாவை உலர்த்திவிடும். அடியில் சூடேற்றும் விரிப்பும் ஆகாது. சூட்டுக்குத் தப்ப மண்ணுக்குள் இறங்குவது சிலந்தியின் குணம். அங்கே இறங்க இறங்கச் சூடு கூடும். ஆகவே ஜன்னலுக்கும் ரேடியேட்டருக்கும் தள்ளி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறான். வெதுவெதுப்பு மேலேதான் நிற்கும். மண்ணின் ஒரு மூலையில் மட்டும் சில சொட்டுத் தண்ணீர். தின்னாத பூச்சியை மறுநாளே எடுத்துவிடுகிறான். தோல் உரிக்கும் குஞ்சை அது கடித்துவிடும்.

ஒரு குஞ்சு மூன்று வாரமாகத் தின்னாமல் வளையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, இரவில் எழுந்து டார்ச் அடித்துப் பார்ப்பான், தோண்ட மாட்டான். நான் ஊர் திரும்பும் நாளிலும் வளை திறக்கவில்லை.

பொங்கலன்று படம் அனுப்பினான்: வளை வாசலில் உரித்த தோல், பக்கத்தில் ஒரு சுற்றுப் பெருத்த குஞ்சு.