தம்புரா தெளிவாகக் கேட்க வேண்டும்

சென்னை
மார்கழி முதல் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? பனி நேரத்தில் நடைப்பயிற்சிக்குக் கிளம்ப வேண்டாம், வெயில் ஏறட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

பேத்தி உன் அறையிலேயே தூங்குவதால் ராத்திரியில் பாட்டு கேட்பது நின்றுபோயிற்று என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு சங்கடப்பட்டது. ஆயுசெல்லாம் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்தவள் நீ. உனக்கென்று உட்கார்ந்து கேட்கக் கிடைத்த ஒரே பொழுது அந்த ராத்திரிதான். அதை விடவே கூடாது. எந்த ஹெட்போன் வாங்கலாம், விலை கூடினால் நாதமும் கூடுமா என்று கேட்டிருந்தாய். நண்பர் ஒருவரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சிலவற்றை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

ஹெட்போனில் முதுகுப்பக்கம் திறந்தது, மூடியது என்று இரண்டு வகை உண்டு. திறந்த வகைக்கு வழி காட்டியது சென்ஹைசர் நிறுவனம் 1968-ல் கொண்டுவந்த எச்டி 414. அந்த வகையில் காற்றோட்டமான, விசாலமான நாதம் கிடைக்கும். ஆனால் நீ கேட்பதில் ஒரு பங்கு வெளியேயும் கேட்கும், குழந்தை எழுந்துவிடும். அதனால் உனக்கு மூடிய வகைதான்.

மூடிய வகையில் உள்ள சிக்கல் இது. உள்ளே இருக்கும் சின்னச் சவ்வு அதிரும்போது ஒலி முன்னால் உன் காதுக்கும் போகிறது, பின்னால் கிண்ணத்துக்குள்ளும் போகிறது. பின்னால் போனதற்கு வெளியேற வழியில்லை. கிண்ணத்தின் சுவரில் மோதித் திரும்பி, அந்தச் சவ்வையே ஊடுருவிக்கொண்டு கொஞ்சம் தாமதமாகக் காதுக்கு வருகிறது. சாமான் எதுவுமில்லாத அறையில் வீணையை மீட்டினால் ஒவ்வொரு ஸ்வரத்தின் பின்னாலும் அறையும் சேர்ந்து பாடுமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. அதை அடக்கத்தான் கிண்ணத்துக்குள் கம்பளித் துணியும் பஞ்சும் வைக்கிறார்கள், கிண்ணத்தின் வடிவத்தை மாற்றுகிறார்கள். மூடிய ஹெட்போன்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்கு முக்கியமான காரணம் இந்த வேலையின் நேர்த்தி. பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வீணைத் தந்தியை மீட்டிவிட்டுக் கையை எடுத்த பிறகு நாதம் எப்படித் தேய்கிறது என்று கேட்டால் தெரிந்துவிடும். கிண்ணம் தன் பங்குக்கு எதையாவது சேர்த்தால், கமகத்தின் கடைசி இழுப்பில் கலங்கல் விழும்.

ஒப்பிடும்போது முதலில் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவருவது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்ஸனும் 1933-லேயே காட்டிய உண்மை இது. சத்தம் குறையக் குறைய, அடி ஒலிகள் காதுக்கு நடு ஒலிகளைவிட வேகமாக மங்கிப்போகும். அதனால் கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஒலிப்பது எதுவானாலும் நிறைவாக, உயர்ந்ததாகத் தோன்றும். கடையில் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டும்போது, மின்தடை குறைவானது பெரும்பாலும் உரக்க ஒலிக்கும். அதையே நல்லது என்று வாங்கிவந்துவிடுகிறோம். நாங்கள் கருவி வைத்து அளவைச் சமப்படுத்திவிட்டுத்தான் கேட்டோம்.

பாட்டுகளை உன் காதை நினைத்துத் தேர்ந்தெடுத்தேன். எம்.எஸ். அம்மாவும் ராதா விஸ்வநாதனும் சேர்ந்து பாடியது ஒன்று. இரண்டு குரலும் ஒட்டிக்கொண்டே போகும். நல்ல ஹெட்போனில் எது யாருடைய குரல் என்று பிரித்துச் சொல்லிவிடலாம், மோசமானதில் ஒரே குரலாகத் திரண்டுவிடும். சிட்டிபாபுவின் வீணை ஒன்று. கச்சேரியில் மைக்கே வேண்டாம் என்று நின்ற பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம் ஒன்று. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் ஒன்று. இளையராஜாவின் 1986-ஆம் வருஷத்து 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பும் வைத்துக்கொண்டேன். நரசிம்மனின் வயலினும் அடியில் நகரும் பாஸ் கிடாரும் அதில் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

மிருதங்கத்தைச் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணையால்தான் அதன் மேல் ஒலிகள் ஒன்றுக்கொன்று சுருதியோடு இசைந்து நிற்கின்றன என்று சி.வி. ராமன் 1920-லேயே எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் அப்படி நடக்காது. ஆகவே வலந்தலைச் சொல்லில் ஒரு ஸ்வரம் கேட்டாக வேண்டும், வெறும் 'டக்' என்று கேட்டால் ஹெட்போன் எதையோ விழுங்குகிறது. இடப்பக்கத் தொப்பியின் கும்கியோ அடி ஒலியின் சோதனை. அது எழுந்து வளைந்து அடங்குவது முழுதாகக் கேட்க வேண்டும், வெறும் உறுமலாகக் கரைந்துவிடக் கூடாது. அடுத்த வருஷமே ராமன் தம்புராவையும் வீணையையும் பற்றி எழுதினார். தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவாளி நூலிலிருந்து மேலே மேலே கிளம்பும் அந்த இழைகள்தான் தம்புராவின் உயிர். பாட்டும் பக்கவாத்தியமும் முழுவேகத்தில் போகும்போதும் பின்னால் தம்புரா கேட்கிறதா என்பதுதான் நான் வைத்த கடைசிச் சோதனை. நீயும் அதைத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் சோனி எம்.டி.ஆர் 7506. 1991-லிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைக்கிறது. எடை 230 கிராம்தான், தலையில் இருப்பதே தெரியாது. எம்.எஸ். அம்மா மூச்செடுக்கும் இடம், சாஹித்தியத்தின் வல்லினம் மெல்லினம் எல்லாம் பளிச்சென்று கேட்டன. குரல்களைப் பிரித்துக் காட்டியதில் இதுதான் முதலிடம். ஆனால் மேல் பகுதியைத் தூக்கிக் கொடுக்கிறது. பழைய ஒலிநாடாவின் இரைச்சலும் கூடவே எழுந்து வருகிறது. 'ச'வும் 'ஸ'வும் காதைக் கீறுகின்றன. நாகஸ்வரத்தில் தார ஸ்தாயிக்குப் போகும்போது கை தானாகச் சத்தத்தைக் குறைக்கப் போயிற்று. குறை கண்டுபிடிப்பவர்களுக்காகச் செய்த சாமான் இது. வேலைக்கு உத்தமம். ராத்திரி கண்ணை மூடிக் கேட்கிறவளுக்குக் களைப்பைத் தரும்.

இரண்டாவது ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச் எம்50எக்ஸ். 2014-ல் வந்தது, இளைஞர்களுக்கு மிகவும் பிடித்தது. ஏன் பிடிக்கிறது என்று இளையராஜா தொகுப்பைப் போட்டதுமே விளங்கியது. பாஸ் கிடார் தோளில் தட்டிக் கூப்பிடுகிறது, தாளத்துக்கு ஒரு துள்ளல் வருகிறது. சினிமாப் பாட்டுக்கு இது உற்சாகமான துணை. ஆனால் மிருதங்கத்தில் தொப்பி தன் அளவுக்கு மேல் பெருத்துவிட்டது. கும்கியின் வளைவைவிட அதன் கனம்தான் முன்னால் நின்றது. வீணையில் மந்தரத் தந்திகள் தடித்தன, சாரணி ஒல்லியானது. ஒரே வாத்தியத்தை இரண்டு பேர் வாசிப்பதுபோல இருந்தது. தலையை இறுக்கிப் பிடிக்கவும் செய்கிறது. கண்ணாடிக் காம்பு காதோரம் அழுந்தினால் உனக்குத் தலைவலி வரும்.

மூன்றாவது பையர்டைனமிக் டி.டி 770 ப்ரோ. 1937-லேயே டி.டி 48 என்ற ஹெட்போனைச் செய்த ஜெர்மன் நிறுவனத்தின் தயாரிப்பு. பெரிய கிண்ணம், காது முழுவதும் உள்ளே உட்காரும். குஷன் வெல்வெட் போன்ற துணியால் ஆனது. மற்ற இரண்டிலும் இருக்கும் செயற்கைத் தோல் நம் ஊர் வியர்வையில் சில வருஷத்தில் உரிந்து உதிரும், இந்தத் துணி தாங்கும். குஷன் தேய்ந்தாலும் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம். நாதத்தைப் பற்றிச் சொல்கிறேன். மூடிய கிண்ணமாக இருந்தும் கொஞ்சம் இடம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. வயலின் குரலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, மேலே ஏறிக்கொள்ளவில்லை. அனுமந்தரத் தந்தி அதன் முழு ஆழத்தோடு வந்தது. தேயும்போதும் நாதத்தில் கலங்கல் குறைவு. குறைகளையும் சொல்லிவிடுகிறேன். குரல் ஓர் அடி பின்வாங்கி நிற்கிறது. உச்சப் பகுதியில் ஓர் இடத்தில் கூர்மை துருத்துகிறது, ஜாலராவில் அது தெரியும். ஆனால் வேகமான ஸ்வரக் கோர்வைக்கு நடுவிலும் தம்புரா விடாமல் கேட்டது இதில்தான்.

ஒப்பீடு இங்கே முடிந்துவிடவில்லை. உன் மூக்குக்கண்ணாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மூடிய ஹெட்போனில் அடி ஒலி முழுதாக வர வேண்டுமானால் காதைச் சுற்றிக் குஷன் இடைவெளியில்லாமல் படிய வேண்டும். கண்ணாடிக் காம்பு, காதோரக் கொண்டை ஊசி, தேய்ந்த குஷன், எதுவானாலும் சின்னச் சந்து விழுந்தால் போதும், பாஸ் அதன் வழியே ஒழுகிவிடும், தொப்பி காணாமல் போகும். 2019-ல் வந்த ஏ.கே.ஜி கே371-ஐயும் மாட்டிப் பார்த்தேன். ஹார்மன் நிறுவனத்தின் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் எந்த ஒலிச் சமநிலை பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து வகுத்த வரைகோட்டை ஒட்டி அமைத்தது அது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டபோது நான்கில் மிகச் சமநிலையான நாதம் அதனுடையதுதான். கண்ணாடியைப் போட்டதும் அடி ஒலி பாதி போயிற்று, பாட்டே வேறாகிவிட்டது. ஆராய்ச்சிக் கூடத்தில் உயர்ந்தது உன் காதிலும் உயர்ந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாமல்போவது இதனால்தான். டி.டி 770-இன் மெத்தென்ற குஷனில் காம்பு புதைந்து போகிறது. கண்ணாடியோடும் கண்ணாடி இல்லாமலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே என் முடிவு டி.டி 770-தான். அதில் மின்தடை 32, 80, 250 ஓம் என்று மூன்று வகை உண்டு. 250 ஓமுக்குத் தனியாகப் பெருக்கி வேண்டும், நீ அந்தத் தொல்லையில் மாட்டிக்கொள்ளாதே. உன் கைப்பேசிக்கு 80 ஓம் போதும். கைப்பேசியில் செருகும் சின்ன இணைப்பானும் சேர்த்து அனுப்புகிறேன். விலையைப் பற்றிக் கேட்டாயே, இவற்றைவிடப் பல மடங்கு விலையுள்ளவையும் இருக்கின்றன. பதிவிலேயே இல்லாத நாதத்தை எந்த விலையும் கொண்டுவராது. நீ கேட்பதில் பெரும்பகுதி பழைய வானொலிப் பதிவும் ஒலிநாடாவும். அவற்றுக்கு இது தாராளம்.

இரண்டு விஷயத்தில் என் பேச்சைத் தட்டாதே. முதலாவது சத்த அளவு. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடினாலே நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மூடிய ஹெட்போனில் ஒரு நன்மை, தெருச் சத்தமும் அடுத்த அறைப் பேச்சும் அமுங்கிவிடும், அதனால் குறைத்து வைத்தே நுணுக்கம் கேட்கலாம். மின்விசிறியின் அடி முனகல் மட்டும் ஓரளவு உள்ளே வரும், அதை அமுக்க வேண்டும் என்று சத்தத்தை ஏற்றாதே. இரண்டாவது, ஜாலரா உறுத்தினால் பொறுத்துக்கொண்டு கேட்காதே. கைப்பேசியின் ஒலிச் சமன் அமைப்பில் 8 கிலோஹெர்ட்ஸ் என்று இருக்கும் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கு. பேரனைக் கேட்டால் செய்துகொடுப்பான். ரொம்ப இறக்கினால் தம்புராவும் மங்கும், அதுதான் எல்லை.

இவ்வளவும் என் காதுக்குத் தெரிந்தது. என் காது சுருதி சேர்க்கக் கற்றதே உன் பக்கத்தில் உட்கார்ந்துதான். அதனால் கடைசித் தீர்ப்பு உன்னுடையது. வந்து சேர்ந்ததும் முதலில் உனக்கு மனப்பாடமான ஒரு பதிவைப் போடு, புதியது எதையும் போடாதே. சில நாள் கேட்டுவிட்டுக் குரல் பின்வாங்கி நிற்பது உனக்கு ஒப்பவில்லை என்றால் தயங்காமல் எழுது. அந்தச் சோனியை அனுப்பி இதை நான் வைத்துக்கொள்கிறேன். எந்தெந்தக் கச்சேரிகள் வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டு அனுப்பு. அலமாரியில் இருக்கும் உன் பழைய கேசட்டுகளைப் பொங்கலுக்கு வரும்போது எடுத்துப்போய்ப் பதிவு செய்து தருகிறேன். பூஞ்சை பிடிப்பதற்குள் அது நடக்க வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம். பேத்திக்கு முத்தம்.

உன் அன்புத் தம்பி