தீவுகள் காத்த ஊர்

ஜப்பானின் சென்டாய் நகரிலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடம். மட்சுஷிமா விரிகுடா முழுக்கக் குட்டித் தீவுகள், 260 இருக்கும். பாறை மேல் பைன் மரங்கள். நாட்டின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்று என்று ஜப்பானியர்கள் கொண்டாடும் இடம். 1689இல் வந்த கவிஞர் பாஷோவும் சொக்கிப்போனார்.

சுற்றுலாப் படகு தீவுகளுக்கு இடையே நெளிந்து போகிறது. அலை அரித்துக் குடைந்த பாறைகள், சிப்பிப் பண்ணைகள். கரை திரும்பினால் கடைகளில் சுட்ட சிப்பி.

இந்த அழகுதான் ஊரையும் காப்பாற்றியது. 2011 மார்ச் 11 சுனாமி தீவுகளில் மோதி வேகம் தணிந்தது. திறந்த கடலைப் பார்த்திருந்த பக்கத்து ஹிகாஷிமட்சுஷிமாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

தாதே மாசமுனே 1609இல் கட்டி முடித்த ஜுய்கன்ஜி ஜென் கோயில் தப்பியது. ஆனால் வாசல் பாதையில் ஓங்கி நின்ற தேவதாருக்கள் பல, உப்புநீர் ஏறிப் பட்டுப்போயின. வெட்டிவிட்டார்கள்.

அதே ரயில் தடத்தில் சில நிலையங்கள் தள்ளி நோபிரு. தடத்தை மேட்டுக்கு மாற்றி 2015இல் ரயில் விட்டார்கள். சுனாமி சிதைத்த பழைய நிலையம் இப்போது நினைவிடம். மட்சுஷிமா போகிறவர்கள் அங்கேயும் இறங்கிப் பார்க்க வேண்டும். தீவுகள் தடுத்தது எதை என்பது அங்கேதான் புரியும்.