குட்டநாடு: கடலுக்குக் கீழே நெல் வயல்... ஷட்டர் திறக்கக் காத்திருக்கும் மீன்கள்!

ஆலப்புழா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது படகு வீடுதான். காலையில் ஏறி, காயலைச் சுற்றி, மதியம் கரிமீன் பொரியலோடு சாப்பிட்டு, மாலையில் நிறைய போட்டோக்களோடு இறங்கிவிடுவார்கள்.

அடுத்த முறை அந்தப் படகில் போகும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். படகு மிதக்கும் தண்ணீர் மேலே இருக்கும். கரைக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேலென இருக்கும் நெல் வயல் பள்ளத்தில் இருக்கும். நடுவில் இருப்பது தென்னை மரங்கள் நிற்கும் ஒரு மண் கரை மட்டும்தான். அந்தக் கரை உடைந்தால், காயல் முழுவதும் வயலுக்குள் வந்துவிடும்.

அதுதான் குட்டநாடு. கேரளாவின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பகுதி. ஆலப்புழா, கோட்டயம், பத்தனம்திட்டா என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது.

கடல் மட்டத்துக்கும் கீழே

பம்பை, மீனச்சில், மணிமலை, அச்சன்கோவில் ஆகிய நான்கு ஆறுகளும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கி வந்து, குட்டநாட்டின் வழியாக வேம்பநாட்டுக் காயலில் கலக்கின்றன. காயல் கடலோடு சேர்கிறது. மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீரும் கடலிலிருந்து ஏறும் உப்புத் தண்ணீரும் சந்திக்கும் இடம் இது.

இங்குள்ள வயல்களில் பல, கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தவை. சில இடங்களில் 2 மீட்டருக்கும் கீழே போகிறது. ஓர் ஆள் நின்றால் தலைக்கு மேலே கடல் மட்டம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் நெல் விளைகிறது. இந்த விவசாய முறையை, உலக அளவில் பாதுகாக்க வேண்டிய பாரம்பரிய வேளாண் அமைப்புகளில் ஒன்றாக ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் அங்கீகரித்தது.

வயல்களை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய வண்டல் நிலம் 'கரப்பாடம்'. மக்கிய மரமும் இலைதழையும் கலந்து கறுத்துப்போன, புளிப்பு அதிகமான மண் 'கரி நிலம்'. காயலையே அடைத்து உருவாக்கியது 'காயல் நிலம்'. மூன்றில் அதிக ஆச்சர்யம் தருவது கடைசி வகைதான்.

காயலை அடைத்த கைகள்

முதலில் தென்னை மரத் தண்டுகளையும் மூங்கிலையும் காயலின் அடியில் வரிசையாக அடித்து இறக்குவார்கள். மூங்கில் தட்டி கட்டி, உள்ளே மணலும் தழையும் போடுவார்கள். பிறகு ஆட்கள் தண்ணீருக்குள் மூழ்கி, அடியில் இருக்கும் களிமண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து வந்து கரையை உயர்த்துவார்கள். கரை முடிந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மோட்டார் இல்லாத காலத்தில், காலால் மிதித்துச் சுற்றும் மரச் சக்கரங்கள்தான் அந்த வேலையைச் செய்தன.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருவிதாங்கூரில் அரிசிப் பஞ்சம். அந்த நேரத்தில்தான் 'முரிக்கன்' என்று அழைக்கப்பட்ட பெரும் விவசாயி, வேம்பநாட்டுக் காயலில் மூன்று பெரிய நிலங்களை அடைத்து எடுத்தார். அரச குடும்பத்தினரின் பெயரால் அவை சித்திரா, மார்த்தாண்டம், ராணி என்று அழைக்கப்பட்டன. சித்திரா மட்டும் 716 ஏக்கர்.

பெயர் முரிக்கனுக்குக் கிடைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு களிமண் எடுத்தவர்கள் புலையர் சமூகத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட்கூடச் சொந்தம் இல்லை. 'செம்மீன்' மூலம் தமிழர்களுக்கும் அறிமுகமான தகழி சிவசங்கரப் பிள்ளை, குட்டநாட்டின் தகழி கிராமத்தைச் சேர்ந்தவர். இந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையை வைத்துத்தான் 1948-ல் 'ரண்டிடங்ஙழி' நாவலை எழுதினார். பின்னாளில் நிலச் சீர்திருத்தம் வந்தபோது காயல் நிலங்கள் அரசிடம் போய், சிறு துண்டுகளாகத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஆனால், கரையைப் பராமரிக்கவும் தண்ணீரை இறைக்கவும் ஆகும் செலவு சிறு விவசாயிகளின் சக்தியை மீறியது. காயல் நிலங்களில் சில பல ஆண்டுகள் தரிசாகவும் கிடந்தன.

ஒருவர் மட்டும் விவசாயம் செய்ய முடியாது

பொதுவாக விவசாயி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடுவார். குட்டநாட்டில் தண்ணீரை வெளியேற்ற மோட்டார் போடுகிறார்கள். இங்கு பயன்படும் பழைய பம்புக்கு 'பெட்டியும் பறையும்' என்று பெயர். பறை என்பது செங்குத்தாக நிற்கும் மர உருளை. அதற்குள் சுழலும் விசிறி தண்ணீரை மேலே தள்ளும். நீளமான மரப்பெட்டி வழியாக அது கரையைத் தாண்டி ஆற்றிலோ காயலிலோ விழும்.

ஒரே கரைக்குள் இருக்கும் வயல்கள் அத்தனையும் சேர்ந்தது ஒரு 'பாடசேகரம்'. அதற்குள் நிலம் வைத்திருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரு குழு அமைக்கிறார்கள். எப்போது தண்ணீர் இறைப்பது, எப்போது விதைப்பது, கரையில் எங்கே ஓட்டை என்பதையெல்லாம் அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஏனென்றால், இங்கே ஒருவர் மட்டும் தனியாகத் தண்ணீரை வடிக்க முடியாது. ஒருவர் நிலத்தின் ஓரம் கரை உடைந்தால் அத்தனை பேருடைய பயிரும் போகும். அந்த உடைப்புக்கு 'மடவீழ்ச்சி' என்று பெயர். மழைக்காலத்தில் குட்டநாட்டு விவசாயிகள் மிகவும் பயப்படும் வார்த்தை அதுதான்.

உப்பைத் தடுத்த தடுப்பணை

குட்டநாட்டின் முக்கிய நெல் பருவத்துக்குப் 'புஞ்ச' என்று பெயர். தமிழ்நாட்டில் புஞ்சை என்றால் மானாவாரி நிலம். அங்கே அது தண்ணீரை வடித்துச் செய்யும் நெல் சாகுபடி! அக்டோபர், நவம்பரில் விதைத்து, மார்ச் வாக்கில் அறுவடை செய்வார்கள்.

சிக்கல் என்னவென்றால், மழை நின்று ஆறுகளில் நீர் குறையும் டிசம்பருக்குப் பிறகு கடல் நீர் காயலுக்குள் ஏற ஆரம்பிக்கும். அப்போது கதிர் பிடிக்கும் பயிர் உப்பில் கருகும். அரிசித் தட்டுப்பாடு இருந்த காலத்தில் அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். ஆலப்புழா மாவட்டத்தின் தண்ணீர்முக்கத்துக்கும் கோட்டயம் மாவட்டத்தின் வெச்சூருக்கும் இடையே, காயலின் குறுக்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளத்தில் ஷட்டர்களோடு தடுப்பணை கட்டினார்கள். 1976-ல் அது பயன்பாட்டுக்கு வந்தது. டிசம்பர் நடுவில் ஷட்டரை இறக்கி, மார்ச் நடுவில் தூக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அதற்கு முன்பே, 1955-ல், வெள்ள நீர் நேராகக் கடலுக்குப் போக தோட்டப்பள்ளியில் 40 ஷட்டர்கள் கொண்ட ஒரு வடிகால் கட்டப்பட்டிருந்தது. ஒன்று வெள்ளத்துக்கு, இன்னொன்று உப்புக்கு. நெல்லுக்கு இனி கவலை இல்லை என்று நினைத்தார்கள்.

நெல் பிழைத்தது... மீன் தவித்தது!

காயலில் நெல்லை மட்டும் நம்பி மக்கள் வாழவில்லை. மீனும் மட்டியும் பிடித்து வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவர்களுடைய வருமானம் அந்த உப்புத் தண்ணீரை நம்பித்தான் இருந்தது.

குட்டநாட்டின் பிரபலமான ஆற்றுக்கொஞ்சு என்கிற பெரிய இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். அது வளர்வது நல்ல தண்ணீரில். குஞ்சு பொரிக்க உப்புத் தண்ணீருக்குப் போக வேண்டும். குஞ்சுகள் திரும்பி மேலே வர வேண்டும். வழியில் ஷட்டர் இறங்கியிருந்தால் இரண்டும் நடக்காது. வேம்பநாட்டுக் காயலின் கறுப்பு மட்டிக்கும் இனப்பெருக்கத்துக்குக் கொஞ்சம் உப்பு தேவை. தடுப்பணை வந்த பிறகு அதன் தெற்குப் பக்கம் கொஞ்சும் மட்டியும் குறைந்தன.

உப்பு இன்னொரு வேலையையும் செய்துவந்தது. ஆண்டுக்கு ஒரு முறை காயலுக்குள் ஏறி, ஆகாயத்தாமரை போன்ற நீர்க்களைகளை அழித்துவிடும். ஷட்டர் மூடியிருக்கும் மாதங்களில் தண்ணீர் தேங்குகிறது. களை படர்கிறது. வயலில் அடிக்கும் பூச்சிமருந்து, ஊர்க் கழிவு, படகு வீடுகளின் கழிவு எல்லாம் அதே தண்ணீரில் நிற்கின்றன. அந்தக் கரைகளில் வாழும் மக்கள் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் குட்டநாட்டில் குடிநீர்ப் பஞ்சம் தீராத பிரச்னை.

சண்டை தேதிக்காகத்தான்

மார்ச் நடுவில் ஷட்டரைத் திறந்துவிட்டால் பாதிப் பிரச்னை குறையும். ஆனால், பல ஆண்டுகளில் அது தள்ளிப்போகிறது. காரணம் எளிது. எல்லாப் பாடசேகரங்களும் ஒரே நேரத்தில் விதைப்பதில்லை. ஓரிடத்தில் கரை சரியாகவில்லை, இன்னோர் இடத்தில் தண்ணீர் வடியவில்லை என்று விதைப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போகும். அறுவடைக்கு வேண்டிய இயந்திரங்களில் பல தமிழ்நாட்டிலிருந்து லாரிகளில் வருகின்றன. அவை தாமதமானால் அறுவடையும் தாமதம். கடைசி வயலில் கதிர் நிற்கும்வரை ஷட்டரைத் தூக்காதே என்பார்கள் விவசாயிகள். உடனே தூக்கு என்பார்கள் மீனவர்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. இரண்டு பக்கமும் நியாயம்.

இந்த இடத்தில் ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனின் பூர்வீகம் குட்டநாட்டின் மங்கொம்பு. அங்கேதான் 1940-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. குட்டநாட்டில் பரவலாகப் பயிராகும் 'உமா' ரகம் அங்கிருந்து வந்தது. அவர் தொடங்கிய சென்னை ஆராய்ச்சி நிறுவனம்தான் குட்டநாட்டை ஆராய்ந்து 2007-ல் அறிக்கை கொடுத்தது. கரைகளைப் பலப்படுத்துவதோடு, எல்லோரும் ஒரே பயிர்க் காலண்டரைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அதன் முக்கிய யோசனைகளில் ஒன்று. அதன் அடிப்படையில் 1,840 கோடி ரூபாய் அளவுக்குத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. கல், சிமென்ட் வேலைகள் ஓரளவு நடந்தன. காலண்டர்தான் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

இதற்கு நடுவே 2018 ஆகஸ்ட் வெள்ளம். குட்டநாட்டை ஏறக்குறைய முழுவதுமாகக் காலிசெய்ய வேண்டிய நிலை வந்தது. கடல் மட்டம் உயர உயர, இந்தக் கரைகளின் மேல் விழும் சுமையும் கூடத்தான் போகிறது. விவசாயம் கட்டுப்படியாகாமல் வயலைத் தரிசாக விட்டால் கரையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. கரை போனால் அதன் மேல் இருக்கும் வீடுகளும் போகும். குட்டநாட்டில் நெல் விவசாயத்தைக் காப்பாற்றுவது என்றால் ஊரைக் காப்பாற்றுவது என்றும் அர்த்தம்.

ஒரு நெல், ஒரு மீன், கொஞ்சம் வாத்து

நல்ல விஷயம், தீர்வுக்கான வழி அந்த ஊரிலேயே இருக்கிறது. அறுவடை முடிந்ததும் வயலில் வாத்துகளை இறக்கிவிடுவார்கள். சாரா, செம்பல்லி என்று இரண்டு நாட்டு வகைகள் குட்டநாட்டுக்கே உரியவை. சிந்திய நெல், நத்தை, பூச்சி எல்லாவற்றையும் அவை மேய்ந்துவிடும். எச்சம் எருவாகும். பிறகு வயலில் தண்ணீர் ஏறும்போது மீன் வளர்க்கலாம். 'ஒரு நெல், ஒரு மீன்' என்ற பெயரில் கேரள அரசே இந்த முறையை ஊக்குவித்தது. மீன் வளர்ந்த வயலில் அடுத்த போக நெல்லுக்கு உரமும் மருந்தும் குறைவாகவே தேவைப்படும். ஒரே நிலத்தில் நெல்லும் மீனும் மாறி மாறி வருவதற்குப் பழகிய ஊரில், காயலிலும் அது முடியாதா என்பதுதான் அங்கே பலர் கேட்கும் கேள்வி.

போகிறவர்களுக்கு...

சென்னையிலிருந்து ஆலப்புழா எக்ஸ்பிரஸ் நேராகவே போகிறது. பச்சை வயலைப் பார்க்க ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். அறுவடையும் வாத்துக் கூட்டமும் பார்க்க வேண்டுமென்றால் மார்ச். படகு வீட்டுக்குச் செலவழிக்க வசதி இல்லையா? ஆலப்புழாவிலிருந்து கோட்டயத்துக்கு அரசுப் படகு ஓடுகிறது. பேருந்துக் கட்டணம் அளவுக்குத்தான் டிக்கெட். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் மார்க்கெட் பைகளோடும் உட்கார்ந்து காயல் நிலங்களைப் பார்த்தபடி போகலாம். சாலை வழியே போகிறவர்களுக்கு ஆலப்புழா - சங்ஙனாச்சேரி சாலையின் 24 கிலோமீட்டரும் வயல்களுக்கு நடுவேதான்.

பிளாஸ்டிக் பாட்டிலைத் தண்ணீரில் போடாதீர்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது தட்டில் இருக்கும் குத்தரிசிச் சோறும் மீனும் எந்த ஊருடையவை என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் குட்டநாடு என்று பதில் வந்தால், அந்த ஆண்டு ஷட்டர் சரியான நேரத்தில் திறந்திருக்கிறது என்று நம்பலாம்.