நூறு இல்லை... முதலில் முப்பத்தைந்து!

 

சுவர் இதழை எல்லோரும் நின்றுகொண்டுதான் படிக்க வேண்டும். அதுவும் இடைவேளை பத்து நிமிடத்தில். அதனால் அறிவுரை சொல்லி உங்கள் காலை வலிக்க வைக்க மாட்டேன். என் சொந்தக் கதையை மட்டும் சொல்கிறேன். (கையெழுத்து மட்டும் என் பெஞ்ச் நண்பனுடையது. என்னுடையது கோழி கிறுக்கினது மாதிரி இருக்கும்!)

பத்துக் கட்டளைகள்

ஜனவரி 1-ஆம் தேதி காலையில் குளித்துவிட்டு, புது சார்ட் பேப்பர் வாங்கி வந்து, ஸ்கெட்ச் பேனாவில் பத்து உறுதிமொழிகள் எழுதினேன். காலை 4 மணிக்கு எழுவேன். செல்போனைத் தொட மாட்டேன். தினமும் 20 ஆங்கில வார்த்தை மனப்பாடம் செய்வேன். அம்மாவை எதிர்த்துப் பேச மாட்டேன். இப்படியே போய், பத்தாவதாக, சிவப்பு மையில், "கணக்கில் 100-க்கு 100!!!" மூன்று ஆச்சரியக்குறி வேறு.

ஜனவரி 2 காலை 4 மணிக்கு அலாரம் அடித்தது. அம்மா எழுந்தாங்க. நான் எழுந்திருக்கல!

போன வருஷமும் இதே கதைதான். போன வருஷ சார்ட் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கிழிந்து போனது. நான் எழுதியதெல்லாம் அதற்கு முன்னாடியே கிழிந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. அன்றைக்கே கணக்கு சார் அரையாண்டுத் தேர்வு விடைத்தாளைக் கொடுத்தார். என் தாளில் வட்டம் போட்டு எழுதியிருந்தது: 27.

சார் திட்டவில்லை. "அப்பா இல்லன்னா அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா"ன்னு மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்தால் சுவரில் சிவப்பு மையில் 100. என் பையில் சிவப்பு மையில் 27. இரண்டையும் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

என் அக்காவின் நாலு மார்க்

27-க்கு நான் ஏன் இவ்வளவு பயந்தேன் என்று சொல்ல வேண்டும். (அக்காவிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.)

அக்கா என்னைவிட நல்லாப் படிக்கும். மூணு வருஷத்துக்கு முன்னாடி பத்தாம் வகுப்பில் மற்ற பாடமெல்லாம் பாஸ். கணக்கில் மட்டும் 31. தேர்ச்சிக்கு வேண்டியது 35. நாலே நாலு மார்க்! துணைத் தேர்வுக்குப் பேர் கொடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்துச்சு. அதற்குள், லீவுதானே, சும்மா ஒரு மாசம் என்று அம்மாவோடு பனியன் கம்பெனிக்குப் போச்சு. முதல் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துச்சு. எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்துச்சு. அப்புறம் அந்த ஒரு மாசம் இன்னும் முடியவே இல்லை. இப்போ செக்கிங்கில் நிற்குது.

நம்ம ஊரில் இது புதுசு இல்லை. நம்ம ஒவ்வொருத்தர் தெருவிலும் இப்படி ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க. கம்பெனி வேலை கேவலமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் நான் சாப்பிடறேன். ஆனா வேண்டும் என்று போவது வேற, நாலு மார்க் குறைஞ்சதால் போவது வேற. எனக்குக் குறைஞ்சது எட்டு மார்க்.

கம்பெனியில் பார்த்த கணக்கு

அன்றைக்கு அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒன்றரை ஷிப்ட். ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது விடைத்தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கம்பெனியில் வைத்து நீட்டினால் அம்மா எல்லார் முன்னாடியும் திட்ட மாட்டாங்க என்று ஒரு நப்பாசை!

அம்மா ஓவர்லாக் டைலர். ஆர்டர் முடியாததால் லைன் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு பெல் அடிக்கும் வரைக்கும் ஓரமாக நின்றேன். லைனுக்கு முன்னாடி ஒரு போர்டு. அதில் மணி வாரியாகக் கட்டம் போட்டு, தைக்க வேண்டியது எவ்வளவு, தைத்தது எவ்வளவு என்று எழுதியிருந்தது. பெல் அடித்ததும் அம்மாவிடம் அதைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். (விடைத்தாளைத் தள்ளிப் போடத்தான்!)

அம்மா சோத்தைப் பிசைந்துகொண்டே சொன்னாங்க: "ஆர்டர் 5,000 டீ-சர்ட்டு கண்ணு. பத்து நாள்ல முடிக்கோணும். அப்ப ஒரு நாளைக்கு?"

"500."

"எட்டு மணி நேரம்னா மணிக்கு?"

மனசுக்குள் வகுத்தேன். "62... 63."

"அதுதான் போர்டுல இருக்குது. 5,000-ங்கறத நாங்க யாரும் நெனைக்கறதே இல்ல. நெனைச்சா கை ஓடாது. இந்த மணிக்கு 63, அவ்வளவுதான்."

எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. இன்னும் கேட்டேன். அம்மா சொன்னதில் மூன்று விஷயம் என் மண்டையில் நன்றாக ஏறியது.

ஒன்று: புது மாடல் வந்தால் முதல் நாளே முழு டார்கெட் வைக்க மாட்டார்களாம். பாதிதான். கை பழக வேண்டும். முதல் நாளே விரட்டினால் தையல் கோணி, பீஸ் டேமேஜ் ஆகும். பிரிச்சுத் தைக்கற வேலை இரட்டிப்பு.

இரண்டு: காலையில் கரண்ட் போய் ஐம்பது பீஸ் குறைந்துவிட்டால், அந்த ஐம்பதையும் அடுத்த ஒரு மணி நேரத்தின் தலையில் கட்ட மாட்டார்கள். மிச்சம் இருக்கிற நேரத்துக்குப் பிரித்துக்கொள்வார்கள்.

மூன்று: 5,000 ஆர்டர் என்றால் கட்டிங் மாஸ்டர் சரியாக 5,000 வெட்ட மாட்டார். டேமேஜுக்கு என்று கொஞ்சம் சேர்த்தே வெட்டுவார்.

நான் என்ன செய்திருந்தேன்? புது மாடலுக்கு முதல் நாளே முழு டார்கெட் வைத்தேன். ஒரு நாள் விட்டதும் "எல்லாம் போச்சு" என்று சார்ட்டையே மறந்தேன். 100-க்கு 100 என்றால் டேமேஜுக்கு ஒரு மார்க்கூட இடம் இல்லை!

அப்போதுதான் விடைத்தாளை நீட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லல. சோற்றுக் கையைக் கழுவிவிட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அக்காதான் தாளை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்துச்சு. "டேய், வரைபடத்த வரையவே இல்லையா? எட்டு மார்க்க சும்மா விட்டுட்டு வந்திருக்கிற! நானும் அன்னிக்கு இதைத்தாண்டா விட்டேன்" என்று சொல்லிவிட்டு பெல் அடிக்கவும் எழுந்து போச்சு.

அப்பா சொன்ன ஊர்க்கதை

அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறார். ராத்திரி அப்பாவிடமும் சொன்னேன். அவர் எனக்கு 2011-ஆம் ஆண்டு கதையைச் சொன்னார்.

அந்த வருஷம் ஜனவரி 28-ஆம் தேதி, நம்ம ஊர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யலில் சாயக் கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை வரைக்கும் தண்ணீரும் நிலமும் கெட்டு, விவசாயிகள் பல வருஷம் வழக்கு நடத்தியதன் முடிவு அது. கழிவு நீர் ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலை வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. "அதெல்லாம் நடக்கற காரியமா"ன்னு ஊரே சொல்லுச்சாம். அப்பாவுக்குப் பல மாசம் வேலை இல்லை.

"அப்புறம் எப்படிப்பா தொறந்தாங்க?" என்றேன்.

"ஒரே நாள்ல தொறக்கலடா. மொதல்ல கழிவத் தெளிய வைக்கறது, அப்பறம் சவ்வுல வடிகட்டித் தண்ணியப் பிரிக்கறது, மிச்சத்தக் காய்ச்சி உப்ப எடுக்கறதுன்னு ஒவ்வொண்ணாச் சரி பண்ணாங்க. கொஞ்சமா ஓட்டிப் பாத்து, சரியா வந்தாத்தான் அடுத்தது. இன்னைக்கு அந்தத் தண்ணியவே திரும்பச் சாயம் போட எடுக்கறோம்."

நம்ம ஊரே அப்படித்தான் மீண்டிருக்கிறது நண்பர்களே!

என் ஆர்டர் ஷீட்

மறுநாள் கணக்கு சாரிடம் போய், "சார், எனக்கு 100 வேண்டாம், முதல்ல 35 போதும்"னு சொன்னேன். சார் சிரித்துவிட்டார். பிறகு ஒரு செய்தி சொன்னார். 1981-ஆம் ஆண்டு ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர், இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்று மேலாண்மை இதழ் ஒன்றில் எழுதினாராம். இன்னது என்று குறிப்பாக இருக்கணும். அளக்க முடியணும். யார் செய்வது என்று தெரியணும். நடக்கக்கூடியதாக இருக்கணும். நாள் குறித்திருக்கணும். அவ்வளவுதான் அந்த ஐந்தும். கேட்டதும் எனக்கு அந்தப் போர்டுதான் ஞாபகம் வந்தது. எங்கம்மா அந்த இதழைப் படித்ததில்லை!

சாரும் நானும் உட்கார்ந்து வினாத்தாளைப் பீஸ் பீஸாகப் பிரித்தோம். பத்தாம் வகுப்பு நண்பர்கள் இதைக் கவனியுங்கள்:

ஒரு மதிப்பெண் வினா 14. புத்தகத்தின் பின்பக்க வினாக்களைப் போட்டுப் பழகணும். மதிப்பெண் 14.

வடிவியல் வரைதல் ஒன்று, வரைபடம் ஒன்று. தலா 8. மதிப்பெண் 16.

இரண்டு மதிப்பெண் வினா 10 எழுதணும். அதில் எனக்குத் தெரிந்த 5 மட்டும். மதிப்பெண் 10.

கூட்டினால் 40. டேமேஜுக்கு 5 ஒதுக்கினாலும் 35!

ஐந்து மதிப்பெண் வினாக்களில் மட்டும் 50 மதிப்பெண் இருக்கிறது. அதை மறக்கவில்லை. கை பழகட்டும், அடுத்த டார்கெட் அதுதான்.

இப்போது என் சார்ட்டில் பத்து வரி இல்லை. மூன்றே வரி. 1. தினம் ஒரு படம் (முக்கோணம், தொடுகோடு, வரைபடம், ஏதாவது ஒன்று). 2. தினம் 10 ஒரு மதிப்பெண் வினா. 3. ஒரு நாள் விட்டால் மறுநாள் எழுதணும், இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடக் கூடாது. நேரம் ராத்திரி 7 முதல் 8 வரை. 4 மணி அலாரத்தை எடுத்தாச்சு. அம்மாவாவது நன்றாகத் தூங்கட்டும்.

இதுவரை...

இதை எழுதும் நாள் வரை 14 நாள் ஓடியிருக்கிறது. 11 நாள் செய்தேன். 3 நாள் விட்டேன் (பொங்கல், மாட்டுப் பொங்கல், ஒரு நாள் காய்ச்சல்). காலண்டர் தாளில் டிக் அடித்து வைத்திருக்கிறேன். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டுக்கு வரலாம், முறுக்கு இருக்கிறது!

போன வாரம் சார் படங்களுக்கு மட்டும் சிறு தேர்வு வைத்தார். 16-க்கு 13. ஒரு படத்தில் அளவுத்திட்டம் எழுத மறந்துவிட்டேன். 13 பெரிய மார்க் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அரையாண்டில் இதே இடத்தில் நான் வாங்கியது 2.

இன்னொரு விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நான் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்துச்சு. "காம்பஸ அவ்வளவு அகலமா விரிக்காதடா"ன்னு என் கையிலிருந்து வாங்கிச்சு. பழைய நோட்டில் ஒரு படம் முழுசாக வரைந்து முடிச்சுது. மூணு வருஷம் ஆகியும் மறக்கல. அப்புறம் மெதுவாக, "தனித்தேர்வருக்கு எப்ப அப்ளை பண்ணணும்னு உங்க சார்கிட்ட கேட்டுட்டு வா"ன்னு சொல்லுச்சு.

நான் சார்ட்டில் நாலாவது வரி எழுதப் போனேன். அக்கா தடுத்துவிட்டது. "மொதல்ல தேதி கேட்டுட்டு வா. அது போதும் இன்னைக்கு."

கேட்டுவிட்டேன். சார் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

நண்பர்களே! நூறு வாங்குபவர்கள் நூறுக்கே முயலுங்கள், வாழ்த்துகிறேன். ஆனால் என்னைப் போல 27-ல் நிற்பவர் யாராவது இந்தத் தாளுக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு ஒன்றே ஒன்று: 5,000-ஐப் பார்க்காதீர்கள். இந்த மணிக்கு 63. அதை மட்டும் பாருங்கள்.

பெல் அடித்துவிட்டது. வகுப்புக்குப் போங்கள்!



— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்